புதுக்கிழங்குக்கு முன்னால் உன்னைப் புதைத்தோம்

என் தம்பி பெண்டாட்டி, கிழங்குக்காரி, சின்யெரே என்கிற சின்னுவுக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடமும் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் உன்னிடம் வந்தார்கள். மெழுகுதிரி கொளுத்தினார்கள், சாமந்தி மாலை போட்டார்கள், ஜெபமாலை சொன்னார்கள். நான் மட்டும் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். "புஷ்பத்துக்கு மனசு தாங்கலப்பா, நாத்தனாவா பழகுனா? கூடப் பொறந்தவளாட்டம் இருந்தாளே" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் பயந்துகொண்டுதான் நின்றேன் சின்னு. எதற்குப் பயம் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

இதை ஒளித்து எழுதவில்லை. நம் பங்குக் கோயில் மலரில் போடுங்கள் என்று சாமியாரிடம் கொடுக்கப்போகிறேன். ஊரே படிக்கட்டும். ஊரிடமும் நான் அதே பொய்யைத்தானே சொன்னேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் புருஷன் அருள் இளைத்துவிட்டான். சர்க்கரை வந்திருக்கிறது. டீயில் சர்க்கரை வேண்டாம்டா என்றால், வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு டீயைக் குடிக்கிறான். இவனை என்ன செய்வது? ஸ்டெல்லா நர்சிங் முடித்து சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். உன் உயரம், உன் பல்லு, வாய் மட்டும் என்னுடையது. கூட வேலை பார்க்கிற கடத்தூர்ப் பையனை அவளே பார்த்து முடிவு பண்ணிவிட்டு, "நீங்க பேசி முடிங்க அத்த" என்று என்னிடம் வந்து நிற்கிறாள். நல்ல பையன்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான், அது போதாதா?

ஆடி முதல் வாரத்தில் அந்தப் பையனுடைய அம்மா வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது கேட்டார்கள். "ஏங்க, மத்ததெல்லாம் நமக்கு வேணாங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க வருவாங்க? கோயிலுக்குக் கையப் புடிச்சுக் கூட்டியார, சீரு வெக்க ஒரு ஆள் வேணுமில்லைங்க?"

அருள் தலையைத் தூக்காமல், "அவ மாமன் செத்துட்டான்னு வெச்சுக்குங்க" என்றான்.

ஸ்டெல்லா எழுந்து உள்ளே போய்விட்டாள். உன் அண்ணன் ஒபின்னா கல்லு மாதிரி உயிரோடு இருக்கிறார். அந்த மனிதரைச் செத்தவர் கணக்கில் சேர்க்கும்படி என் தம்பியின் வாயில் வார்த்தையை வைத்தவள் நான்.

படிக்கிறவர்களுக்காக உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அருள் நைஜீரியாவில் ஒனிட்ஷா என்கிற ஊரில், பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் கம்பெனியில் ஃபிட்டராக ஒன்பது வருடம் இருந்தான். நீ அந்தப் பக்கத்து இக்போ ஜாதி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்துக் கட்டிக்கொண்டீர்கள். எங்கள் அப்பா படுக்கையில் விழுந்ததும் உன்னையும் மூன்று வயது ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட நான்தான் உனக்கு ஆரத்தி எடுத்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது. நீ ஊரை வேடிக்கை பார்த்தாய்.

வந்த முதல் மாதமே நம் காட்டில் குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, பார்த்துவிட்டு உனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் ஊரிலும் அதே கிழங்குதானாம். நாங்கள் லோடு லோடாக ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்றிவிட்டு வீட்டில் சோறு ஆக்குவதைப் பார்த்துப் பார்த்து, தமிழ் வந்ததும் நீ கேட்ட முதல் பெரிய கேள்வி அதுதான். "இத்தன கெழங்கு போட்டுட்டு சோறு திங்கறீங்களே, உங்களுக்கென்னா பைத்தியமாக்கா?"

ஆனால் குச்சிக்கிழங்கு உனக்கு ராஜா இல்லை. அது பொம்பளைங்க பயிரு என்பாய். வள்ளிக்கிழங்குதான் ராஜா. சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு வருகிறவர்களிடம் கெஞ்சி விதைக்கிழங்கு வாங்கி, வேலி ஓரமாக நட்டு, கொடி ஏறக் கொம்பு ஊன்றினாய். அந்த வருடம் ஆடியில் நான் ஒரு கொடியைத் தோண்டிப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனுக்கு ஒன்று கிடந்தது. சும்மா போகிறதே என்று குழம்பில் போட்டுத் தின்றுவிட்டேன். ஐயோ, நீ அழுத அழுகை! "எங்கண்ணன் இன்னும் புதுக்கெழங்க வாயில வெக்கல. நீங்க வெச்சிட்டீங்களேக்கா!" என்று கேட்டு, என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிவிட்டாய். கிழங்கு தின்ற பாவத்தைக் கேட்டு சாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

அப்புறம்தான் நீ உட்காரவைத்துச் சொன்னாய். உங்கள் ஊரில் மழைக்காலம் முடிகிற சமயத்தில் புதுக்கிழங்குத் திருவிழா. முந்தின நாளே பழைய கிழங்கையெல்லாம் தின்று தீர்த்துவிடுவார்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள், சட்டிபானையைத் தேய்த்துக் கவிழ்ப்பார்கள். மறுநாள் வீட்டுக்கு மூத்த ஆண் புதுக்கிழங்கைத் தோலோடு நெருப்பில் சுட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லி, செத்துப்போன தன் மக்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சிவப்புப் பனையெண்ணெயில் தொட்டு முதல் துண்டைத் தின்பார். அதுக்கப்புறம்தான் குழந்தைகூட வாயில் வைக்கலாம். கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். முகமூடி போட்டவர்கள் தெருவில் இறங்கி ஆடுவார்கள். உங்களுக்கு வாரம் ஏழு நாள் இல்லை, நாலு சந்தை நாள்தான். எக்கே, ஓரியே, ஆஃபோ, ன்க்வோ. நம் காலண்டரில் நீ பேனாவால் புள்ளி வைத்து எண்ணிக்கொண்டிருப்பாய்.

பதினேழு வருடம், உன் அண்ணன் போன் பண்ணிச் சொன்ன தேதியன்றைக்கே இங்கேயும் வாசலில் நெருப்பு மூட்டினாய். நம்ம ஊர்க் கிழங்கு மார்கழியில்தான் விளையும், ஆடியில் விரல் அளவுதான் இருக்கும் என்றால் கேட்கமாட்டாய். அதையே சுட்டு அருள் கையில் கொடுத்துத் தின்ன வைத்தாய். பக்கத்து வீட்டுச் சரசுதான் அதுக்குப் பேர் வைத்தாள். "எங்களுக்கு ஆடிப் பதினெட்டு, உங்களுக்குக் கெழங்கு நோம்பி" என்று ஒகேனக்கலுக்குக் கட்டின சோற்றில் உனக்கும் ஒரு பங்கு எடுத்துவைப்பாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் குளியலறையில் விழுந்தாய். தர்மபுரிக்குக் கொண்டுபோகும்போதே நினைவில்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். பத்து மணிக்கெல்லாம் முடிந்துபோனது. ஒரு மணிக்கு உன்னை வீட்டில் கொண்டுவந்து கிடத்தியிருந்தோம். அருள் உன் தலைமாட்டில் கிடந்தான், கூப்பிட்டால் திரும்பவில்லை. காலேஜில் இருந்த ஸ்டெல்லா சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வரும்போதே மாமனுக்குச் சேதி எழுதிவிட்டாள். அருளுடைய போன் என் கையில் இருந்தது. அது அடித்தது.

ஒபின்னா. நான் எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ். அவர் எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். அடக்கம் பண்ண வேண்டாம். இன்னும் மூன்று நாளில் எங்களுக்குப் புதுக்கிழங்கு. அது முடிகிறவரை எங்கள் ஊரில் சாவைப் பேசக்கூடாது, அழக்கூடாது, குழி தோண்டக்கூடாது. எனக்குத் தெரிந்தது என்னோடு இருக்கட்டும். தங்கச்சியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். பதினோரு நாள். நானே கிளம்பி வருகிறேன்.

எல்லாம் எனக்குப் புரிந்தது. பாஷை புரியவில்லை என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லை.

பதினோரு நாள் சின்னு. என் வீட்டுக்காரர் லாரி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்தபோது, யார் என்னவென்று தெரியாமல் அவரை ஆஸ்பத்திரி பிணவறையில் நாலு நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் என்னை உள்ளே கூப்பிட்டு, இது உங்க ஆளா பாரும்மா என்றார்கள். நான் பார்த்தேன். பார்த்ததை உன்னிடம்கூட என்றைக்கும் சொன்னதில்லை. இன்றைக்கும் எழுதமாட்டேன். உன்னையும் அப்படி இழுத்துத் திறந்து மூடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் பழக்கம் உனக்குத் தெரியும். மூச்சு நின்றால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் முகம் சுளிக்கும். எல்லாம் சேர்ந்துகொண்டது.

உள்ளே வந்து அருள் காதில் சொன்னேன். "ஒபின்னா பேசுனாருடா. அவங்க நோம்பி நேரமாம், வர முடியாதாம். எடுத்துடச் சொல்லிட்டாரு." அவன் தலையை ஆட்டினான். ஐந்து மணிக்கு உன்னை மண்ணில் வைத்துவிட்டோம்.

மாமன்தான் சம்மதித்துவிட்டாரே என்று நினைத்து, ஸ்டெல்லா அன்று இரவே அடக்க வீடியோவை உன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் சாவு உங்கள் வாசலுக்குள் வந்துவிட்டது. அந்த வருடம் உன் பிறந்த வீட்டில் கிழங்கு வெட்டவே இல்லையாம். ஒபின்னா அருளுக்கு ஒரே ஒரு வரி எழுதினார். "திருட்டுப் பொருளை மறைப்பதுபோல எங்கள் பெண்ணை மறைத்துவிட்டாய்." அருளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுக்கச் சொல்லிவிட்டு இப்போது மாற்றிப் பேசுகிறானே என்று இவன் கோபப்பட்டான். அதோடு பேச்சு நின்றது. ரெண்டு பேரும் நல்ல மனிதர்கள். நடுவில் நான் ஒருத்தி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் கேள். உன் சித்தப்பா மகள் ஸ்டெல்லாவிடம் சொன்னாளாம். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் புருஷன் வீட்டார் முறையாக வந்து சொல்ல வேண்டும், பிறந்த வீட்டார் கேட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் உங்கள் வழக்கமாம். யாரும் வந்து சொல்லாததால் திருவிழாவில் ஒபின்னா செத்தவர்களைக் கூப்பிடும்போது உன் பேரைச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த பெண்களுக்குக் கிழங்கு பங்கு வைக்கும்போதும் உனக்கு வைப்பதில்லை. இருக்கிறவர்களோடும் நீ இல்லை, போனவர்களோடும் இல்லை. உன்னை எங்கே கொண்டுபோய் அடைத்துவைத்திருக்கிறேன் பார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எப்படிச் சொல்வேன்? இருபத்தி நாலு வருடமாக இது என் தம்பி வீட்டில் நான் தின்கிற சோறு. சத்துணவுக் கூடத்துச் சம்பளத்துக்கு நான் எங்கே போய்த் தனியாக இருப்பது? அதைவிடக் கொடுமை, அவன் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு நீ இல்லன்னா நான் என்னாக்கா பண்ணியிருப்பன்" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். ரெண்டு வருடம் போனபிறகு சொன்னால், ஏன் ரெண்டு வருடம் சொல்லவில்லை என்று கேட்பானே? அதற்குப் பயந்து மூன்றாவது வருடமும் ஓட்டினேன். பொய் சொல்லிவிட்டு அதை எடுத்து வெளியே போடத் தெரியாமல் இந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன்.

உன் வள்ளிக்கொடி வருடா வருடம் மழை விழுந்ததும் தானாக முளைக்கிறது. அருள் தோண்ட விடுவதில்லை, அறுக்கவும் விடுவதில்லை. குளியலறை ஜன்னலை முழுக்க மூடிவிட்டது. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு குளிக்கிறோம்.

அந்த அம்மா தாய்மாமன் யார் என்று கேட்டுவிட்டுப் போன மறுவாரம், பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சரிடம் போய் நின்றேன். நாலு வரி இங்கிலீஷில் எழுதிக் கொடும்மா என்றேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினாள். மூன்றாவது வரியில் பேனாவை நிறுத்திவிட்டு, "இது யாருக்குங்கம்மா?" என்றாள்.

"கேக்காத தாயி, எழுது."

எழுதி முடித்துவிட்டு, கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்மேல் வெறுப்பு வந்ததோ பாவமாக இருந்ததோ, தெரியவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும் ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அரிசி மூட்டை, முட்டை அட்டை, நான். என் புது நம்பரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை. எடுத்துவிட்டார். சிவப்புக் குல்லாய் போட்டிருந்தார். பின்னால் ஒரே மேளச் சத்தம், பிள்ளைகள் கூச்சல். காலண்டரில் புள்ளி வைக்க நீ இல்லாததால் நாள் தெரியாமல், சரியாகத் திருவிழா அன்றைக்கே கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறேன்!

என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் இறுகியது. நான் சீட்டைப் பார்த்து முதல் வரியைப் படித்தேன். உங்கள் தங்கை இறந்த அன்று நீங்கள் சொன்னதை நான் என் தம்பியிடம் சொல்லவில்லை.

அவர் கையைத் தூக்கினார். "நிறுத்துங்கள். இன்றைக்கு இந்த வாசலுக்குள் சாவு வரக்கூடாது. நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை. மூன்றாவது ஆஃபோ அன்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்கள் தம்பி பக்கத்தில் இருக்கட்டும்." பிறகு, இன்னும் மெதுவாக, "அதுவரை அழாதீர்கள்" என்றார். வைத்துவிட்டார்.

நாலு நாளுக்கு ஒரு ஆஃபோ, மூன்றாவது என்றால் பன்னிரண்டு நாள். அந்த மனிதருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது, எனக்குத் தெரியும். கேட்டதை வைத்துக்கொண்டு திருவிழா முடிகிறவரை சிரித்தபடி கிழங்கு பங்கு வைக்க அவரால் முடிகிறது. என்னால் முட்டை அட்டையைக்கூட நேராக அடுக்க முடியவில்லை. தம்பி பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால், தம்பியிடம் முதலில் சொல்ல வேண்டுமே. ஏழு நாள் அவன் முன்னால் போய் நின்று, உப்பு இருக்கா, புளி இருக்கா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். "உனக்கென்னாக்கா ஆச்சு, ரெண்டு நாளா பேயடிச்ச மாதிரி சுத்தற?" என்று அவனே கேட்டான்.

எட்டாம் நாள், அதாவது இன்று காலை, காட்டுக்குப் போனேன். சொட்டுநீர்ப் பைப்பில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகைப் பக்கம் போய்ப் பேசினது, பதினோரு நாள், நானே வருகிறேன் என்றது, நான் மாற்றிச் சொன்னது.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பைப்பைக் கீழே வைத்துவிட்டு, "அவரு வேற என்னா சொன்னாரு?" என்றான்.

"அவ்வளவுதான்டா."

"இல்லக்கா. அவரு வேற என்னமோ சொல்லியிருப்பாரு. எனக்கு அவரத் தெரியும். சொல்லு."

சின்னு, இதை மேலே உனக்கும் எழுதாமல் விட்டேன். ஒபின்னா கடைசியாக ஒன்று கேட்டார். போனை என் தங்கச்சி காதுக்குப் பக்கத்தில் வையுங்கள், எங்கள் பாஷையில் அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். ரெண்டு தடவை கேட்டார். உன் காதுக்குப் பக்கத்தில்தான் அருள் படுத்திருந்தான். அவனுக்கு உங்கள் பாஷை தெரியும். எங்கே விஷயம் வெளிப்பட்டுவிடுமோ என்று நான் போனை அணைத்துவிட்டேன்.

அதைச் சொன்னதும் அருள் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வருடத்தில் அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழக்கூடாது என்று உன் அண்ணன் சொன்னதை நான் எப்படி அவனிடம் சொல்வேன்? நின்றுகொண்டே இருந்தேன். அழுது முடித்துவிட்டு, "நீ வூட்டுக்குப் போ" என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

சாயங்காலம் வந்தான். நான் போட்ட சோற்றைத் தொடவில்லை, தானே போட்டுக்கொண்டு தின்றான். "எத்தன நாளு இருக்குது?" என்றான். நாலு நாள் என்றேன். "நான் பக்கத்துல உக்காந்துக்கறன். வாயத் தொறக்க மாட்டன். நீதான் சொல்லணும்." இந்த வீட்டில் எனக்கு இனி இடம் உண்டா என்று நானும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவிடம் யார் சொல்வது என்றும் பேசவில்லை. ஒபின்னா கேட்டுவிட்டு மன்னிப்பாரோ, காறித் துப்புவாரோ, மருமகள் கையைப் பிடிக்க வருவாரோ வரமாட்டாரோ, எனக்கு ஒன்றும் தெரியாது. உன்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. உன் அண்ணனிடம் கேட்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டால், அன்று கிழங்குக்கு அழுததுபோல நீ மறுபடியும் அழுவாய்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இன்னும் நாலு நாள். உங்கள் கணக்கில் ஒரு வாரம். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை அருளை வைத்துக்கொண்டு, சீட்டைப் பார்க்காமல், என் வாயால் ஒபின்னாவிடம் சொல்லிவிடுவேன். அவர் லைனில் இருக்கும்போதே நம் கல்லறைக்கு வருவேன், கேட்டில் நிற்காமல் உள்ளே வருவேன். போனை உன் தலைமாட்டில், மண்ணோடு மண்ணாக ஒட்டி வைப்பேன். வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவேன். அவர் எவ்வளவு நேரம் பேசினாலும், பேசி முடிக்கிறவரை அதை யாரும் எடுக்க விடமாட்டேன்.

அதுவரை பொறுத்துக்கொள்.

உன்னைப் பொழுது சாய்வதற்குள் அனுப்பிவைத்த நாத்தனார்,
புஷ்பம்